மூட்டோடு நிற்கிற நோய் இல்லை

(நம் கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சவள். டாக்டரும் இல்லை, நர்சும் இல்லை. ஆனால் எங்க வீட்டில் இரண்டு பேருக்கு முடக்கு வாதம். எங்க மாமியாருக்குப் பதினாலு வருஷம் இருந்தது. இப்போ என் நாத்தனாருக்கு இருக்கிறது. ஆறு வருஷமா மாசாமாசம் அவளை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போறது நான்தான். அங்கே டாக்டரம்மா சொல்றதை ஒரு நோட்டில் எழுதி வைப்பேன். புரியலைன்னா அடுத்த மாசம் போய்க் கேட்பேன். "அந்த நோட்டில் இருக்கிறதை நம்ம உறுப்பினர்களுக்கும் சொல்லேன்" என்று தலைவி அக்கா சொன்னதால்தான் இங்கே நிற்கிறேன்.

முதலில் இது என்ன நோய் என்று சொல்லிடறேன். நம்ம பக்கம் கை கால் வலி எல்லாத்துக்கும் "வாதம்" என்றுதான் பேர். ஆனால் எல்லாம் ஒண்ணு இல்லை. ஒரு பக்கம் கை கால் விழுந்துபோவது பக்கவாதம். அது மூளைக்குப் போகிற ரத்தக் குழாயில் வருகிற கோளாறு. வயசான பிறகு முட்டி வலிப்பது பெரும்பாலும் மூட்டுத் தேய்மானம். நான் பேசப் போகிற முடக்கு வாதம் வேறு. பெரியவங்க இதைச் சரவாங்கி என்றும் சொல்லுவாங்க.

நம்ம உடம்புக்குள் கிருமியை எதிர்த்துச் சண்டை போட ஒரு காவல் படை இருக்கிறது. அந்தப் படை ஆள் தெரியாமல் நம்ம மூட்டையே தாக்க ஆரம்பித்தால் அதுதான் முடக்கு வாதம். வேலியே பயிரை மேய்ந்த கதை. விரல் கணு, மணிக்கட்டு, கால் விரல் இங்கெல்லாம் வீங்கும். இரண்டு கையிலும் சேர்ந்தே வரும். காலையில் எழுந்ததும் விரல் மடங்காது. பால் கறக்க முடியாது, மாவு பிசைய முடியாது, ஜாக்கெட் ஊக்கு மாட்ட முடியாது. வெயில் ஏறி ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் கை இளகும். இப்படி ஆறு வாரத்துக்கு மேல் இருந்தால் சும்மா இருக்கக் கூடாது.

இது யாருக்கும் வரலாம். 1967ல் உலகத்திலேயே முதல் தடவையாக ஒரு மனிதரின் இதயத்தை இன்னொருவருக்கு மாற்றி வைத்த தென்னாப்பிரிக்க டாக்டர் கிறிஸ்டியன் பர்னார்டுக்கே இது இருந்தது. கை விரல் ஒத்துழைக்காததால் 1983ல் அறுவை சிகிச்சை செய்வதை அவர் நிறுத்த வேண்டியதாயிற்று. ஆனாலும் ஆம்பளைகளை விடப் பொம்பளைகளுக்குத்தான் இது இரண்டு மூன்று மடங்கு அதிகம். 2019ல் உலகம் முழுக்க 1 கோடியே 80 லட்சம் பேருக்கு இந்த நோய் இருந்தது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதில் நூற்றுக்கு எழுபது பேர் பெண்கள். இது ஒட்டுவாரொட்டி இல்லை. முன்வினையும் இல்லை. அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கு வர வாய்ப்பு கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். வந்தே தீரும் என்று இல்லை.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். என் நாத்தனாருக்கு நோய் இன்னதுதான் என்று உறுதியான அன்னிக்கு, பஸ்ஸில் வரும்போது அவள் என்னிடம் கேட்டாள். "அண்ணி, இதனால நான் செத்துடுவேனா? புள்ளைங்க ரெண்டும் சின்னதுங்களா இருக்கே?" எனக்குப் பதில் தெரியலை. "மூட்டு வலியில யாராவது சாவாங்களா, பேசாம வா" என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் எங்க மாமியார் ஞாபகம் வந்து நின்னுட்டேன்.

எங்க மாமியார் காலமானப்போ ஊரே சொன்னது, "வாதம் முத்திப் போயிட்டாங்க" என்று. ஆனால் ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டில் எழுதியிருந்தது மாரடைப்பு. இரண்டும் வேற வேற விஷயம் என்றுதான் நாங்க நினைச்சிருந்தோம். நாத்தனாரைக் கூட்டிக்கிட்டுப் போன இடத்தில்தான் டாக்டரம்மா சொன்னாங்க, "வேற வேற இல்லைம்மா. இரண்டும் ஒரே நெருப்பு" என்று.

அக்கா தங்கச்சிங்களே, நான் இன்னிக்குச் சொல்ல வந்தது இந்த ஒரு விஷயம்தான். முடக்கு வாதம் மூட்டோடு நிற்கிற நோய் இல்லை. அது உடம்பு முழுக்க அழற்சியை உண்டாக்குகிற நோய். இந்த நோய் உள்ளவங்க மூட்டு வலியால் சாவதில்லை. இதயம், நுரையீரல், கிருமித் தொற்று, இந்த மூன்றால்தான் பெரும்பாலும் உயிர் போகிறது. அதே வயசுள்ள மற்றவங்களோடு பார்த்தால் இவங்களுக்கு இறப்பு அபாயம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொல்லியிருக்காங்க. பயமுறுத்தச் சொல்லலை. இந்த மூன்றுமே முன்கூட்டிப் பார்த்தால் தடுக்கக் கூடியது, தள்ளிப் போடக் கூடியது. அதனால்தான் சொல்றேன்.

முதலில் இதயம். முடக்கு வாதக்காரர்கள் அதிகமாக இறப்பது இதயம், ரத்தக் குழாய் சம்பந்தப்பட்ட நோய்களால்தான். சொட்டு நீர்க் குழாயில் உப்பு படிந்து அடைக்கிற மாதிரி, எல்லாருக்குமே வயசாக வயசாக ரத்தக் குழாயில் கொழுப்பு படிகிறது. இவங்களுக்கு உள்ளே அழற்சி எரிந்துகொண்டே இருப்பதால் அது சீக்கிரமாகப் படிகிறது, சட்டென்று வெடித்து அடைத்தும் விடுகிறது. மாரடைப்பும் பக்கவாதமும் வருகிற அபாயம் மற்றவங்களை விட ஒன்றரை மடங்கு. இதோடு வலி காரணமாக நடை குறைகிறது, எடை ஏறுகிறது. வலி மாத்திரை ரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது. ஸ்டீராய்டு மாத்திரை சர்க்கரையை ஏற்றுகிறது. எல்லாம் சேர்ந்து இதயத்தின் தலையில் விழுகிறது.

இதில் இன்னொரு சூழ்ச்சி இருக்கிறது. முடக்கு வாதம் உள்ளவங்களுக்கு நெஞ்சு வலியே தெரியாமல் மாரடைப்பு வரலாம். வந்தாலும், தோள்பட்டை வலியும் கை வலியும் தினசரி இருக்கிறவங்களுக்கு "இதுவும் அதுதான்" என்று தோணும். எப்படி வித்தியாசம் கண்டுபிடிக்கிறது என்று நான் கேட்டேன். டாக்டரம்மா சொன்னது இது: மூட்டு வலி என்றால் அந்த மூட்டை அசைத்தால் கூடும், அமுக்கினால் வலிக்கும். இதய வலி அப்படி இல்லை. நெஞ்சில் பாரம் வைத்த மாதிரி, தாடை, முதுகு, இடது கை, மேல் வயிறு என்று இழுக்கும். கூடவே வேர்த்துக் கொட்டும், மூச்சு வாங்கும், வாந்தி வரும், மயக்கம் வரும். பொம்பளைகளுக்கு நெஞ்சு வலி இல்லாமல் வெறும் மூச்சு வாங்கலும் அசதியுமாகக்கூட வரும். "வாயுப் பிடிப்பு" என்று பெருங்காயம் கரைத்துக் குடித்து உட்கார்ந்திருக்கக் கூடாது. உடனே 108. நெஞ்சு வலியோடு வருகிறவங்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைக் கொடுக்கிற "இதயம் காப்போம்" திட்டம் 2023ல் இருந்து நம் மாநிலத்தில் இருக்கிறது. அதனால் பக்கத்து நிலையத்தையும் மறக்காதீங்க.

இன்னொன்று. நோய் உக்கிரமாக இருக்கும்போது ரத்தத்தில் கொழுப்பு அளவு குறைச்சலாகக் காட்டுமாம். "கொழுப்பு கம்மியா இருக்கு, எனக்கு ஒண்ணும் வராது" என்று நம்பிவிட முடியாது. ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் டாக்டர் சொல்கிற இடைவெளியில் பார்த்துக்கொண்டே இருக்கணும். நமக்கு இதில் ஒரு வசதி. 2021 ஆகஸ்டில் தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாக வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிற தன்னார்வலர்கள் நம்மைப் போலக் குழுவில் இருந்து போன பெண்கள்தான். முடக்கு வாதம் இருக்கிறவங்க அவங்ககிட்டே, "எனக்கு இந்த நோய் இருக்கு, தவறாம பாரு தங்கச்சி" என்று சொல்லி வைக்கணும்.

இரண்டாவது நுரையீரல். இந்த நோய் உள்ள நூறு பேரில் சுமார் பத்துப் பேருக்கு நுரையீரலில் தழும்பு விழுகிறது. பஞ்சு மாதிரி விரிந்து சுருங்க வேண்டிய இடம் காய்ந்த தோல் மாதிரி இறுகிப் போகும். ஆரம்பத்தில் வரட்டு இருமல், கொஞ்சம் மூச்சு வாங்கும், அவ்வளவுதான். நாம என்ன நினைப்போம்? "வயசாச்சு", "ரத்தம் இல்லை" என்போம். என் நாத்தனாருக்கு மூன்றாவது வருஷம் அப்படித்தான். ஆஸ்பத்திரியில் சாய்தளத்தில் ஏறும்போது பாதியில் நின்னு மூச்சு வாங்கினாள். உள்ளே போனதும் டாக்டரம்மாகிட்டே சொன்னோம். அவங்க முதுகில் குழல் வைத்துக் கேட்டுட்டு, மார்புக்கு சி.டி. ஸ்கேன் எழுதினாங்க. நுரையீரலின் அடிப்பாகத்தில் தழும்பு தொடங்கியிருந்தது. மருந்தை மாற்றினாங்க. இப்போ இரண்டு குடம் தண்ணீர் எடுக்கிறாள். போன தழும்பு திரும்பாது, ஆனால் மேலே பரவாமல் நிற்கிறது. அவள் அன்னிக்கு அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் இன்னும் இரண்டு வருஷம் கழிச்சுத்தான் தெரிந்திருக்கும். அதனால் மூட்டைப் பார்க்க வந்த இடத்தில் மூச்சைப் பற்றிப் பேசக் கூச்சப்படாதீங்க. இரண்டும் ஒரே நோய்தான்.

நுரையீரலுக்கு முதல் எதிரி புகை. பீடி சிகரெட் குடித்தால் முடக்கு வாதம் வருகிற வாய்ப்பே கூடுகிறது. வந்த பிறகும் குடித்தால் மருந்து சரியாக வேலை செய்யாது. நாம குடிக்கலைன்னாலும் வீட்டுக்குள் ஆம்பளைங்க பிடிக்கிற புகை நம்ம நெஞ்சுக்குள்தான் போகிறது. திண்ணையில் கூட வேண்டாம், வாசலுக்கு வெளியே அனுப்புங்க. விறகு அடுப்புப் புகையும் நுரையீரலுக்குக் கெடுதல்தான். கேஸ் விலை எனக்கும் தெரியும். முடியாதவங்க அடுப்பைத் திறந்த வெளிக்காவது மாற்றுங்க. நோய் இருக்கிறவங்களை ஊதுகுழலோடு அடுப்படியில் உட்கார வைக்காதீங்க.

மூன்றாவது கிருமித் தொற்று. காவல் படை தப்பான இடத்தில் சண்டை போட்டுக்கொண்டிருந்தால் உண்மையான திருடன் வரும்போது ஆள் இருக்க மாட்டாங்க இல்லையா? அதுதான் இங்கே நடக்கிறது. அதோடு நோயை அடக்கக் கொடுக்கிற மருந்துகளும் எதிர்ப்பு சக்தியைக் கொஞ்சம் குறைக்கும். அதிலும் ஸ்டீராய்டு அதிக அளவில், அதிக நாள் சாப்பிட்டால் ஆபத்து கூடுதல். சாதாரண சளி நிமோனியா ஆகலாம். காலில் குத்தின முள் சீழ் வைத்து ரத்தத்தில் கலக்கலாம். ஸ்டீராய்டு சாப்பிடுகிறவங்களுக்குக் காய்ச்சல் கூடச் சரியாகக் காட்டாது. உடம்பு சுடலையே என்று இருந்துவிடக் கூடாது.

நம்ம ஊரில் இன்னும் முக்கியமானது டி.பி. எங்கேயோ உள்ளே தூங்கிக்கொண்டிருந்த டி.பி. கிருமி, எதிர்ப்பு சக்தி குறைந்தால் எழுந்துகொள்ளும். அதனால்தான் விலை கூடின சில ஊசிகளைத் தொடங்குவதற்கு முன்னால் டி.பி. இருக்கிறதா என்று பார்ப்பாங்க. "மூட்டு வலிக்கு எதுக்கு மார்பு எக்ஸ்ரே?" என்று சண்டை போடாதீங்க. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், எடை இறங்குதல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்யுங்க. அரசு ஆஸ்பத்திரியில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். காய்ச்சலுக்கும் நிமோனியாவுக்கும் தடுப்பூசி இருக்கிறது. எது எனக்கு ஆகும் என்று டாக்டரிடம் கேட்டுப் போடுங்க. உயிருள்ள கிருமியால் செய்த சில தடுப்பூசிகள் இந்த மருந்து சாப்பிடுகிறவங்களுக்கு ஆகாது. அதனால் எங்கே ஊசி போட்டாலும் சாப்பிடுகிற மருந்தின் பேரைச் சொல்லிட்டுத்தான் போடணும். வயலில் இறங்கும்போது செருப்பு, புண் பட்டால் உடனே சோப்புத் தண்ணீர். இதெல்லாம் சின்ன விஷயம், ஆனால் உயிர் காக்கிற விஷயம்.

இந்த மூன்றைத் தவிர இன்னும் சிலதைச் சுருக்கமாகச் சொல்றேன். நிணநீர்க் கட்டியில் வருகிற ஒரு வகைப் புற்றுநோய் இவங்களுக்கு மற்றவங்களை விட ஏறக்குறைய இரண்டு மடங்கு வரலாம். இரண்டு மடங்கு என்றதும் பதற வேண்டாம், அது அபூர்வமான நோய்தான். "மாத்திரை சாப்பிட்டா புற்றுநோய் வரும்" என்று நம்ம பக்கம் பேசுவாங்க. பல வருஷம் அடங்காமல் எரிகிற வாதமே அதற்கு முக்கிய காரணம். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வலி இல்லாத கட்டி வந்து கரையாமல் இருந்தால் காட்டிடுங்க. எலும்பு பலவீனமாகி, சறுக்கி விழுந்தால் இடுப்பு எலும்பு உடையும். வயசானவங்க அப்படிப் படுக்கையில் விழுந்தால் எழுவது கஷ்டம். குளியலறையில் பாசி இல்லாமல் தேய்த்து, பிடித்துக்கொள்ள ஒரு கம்பி வையுங்க. ரத்தசோகை வரும். கண்ணும் வாயும் உலர்ந்து போகும். நெடுநாள் நோய் இருந்தால் கழுத்து எலும்பும் தளரும். அதனால் எந்த ஆபரேஷனுக்குப் போனாலும் மயக்க மருந்து கொடுக்கிற டாக்டரிடம் நோயைச் சொல்லணும்.

மனசும் நோகும். ராத்திரி தூக்கம் இல்லை, காலையில் கை இல்லை, வீட்டில் "சும்மா படுத்திருக்கா" என்ற பேச்சு. எங்க மாமியார் தலை வார முடியாமல் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து அழுதிருக்காங்க. சோர்வும் மனச்சோர்வும் இந்த நோயின் பாகம்தான், சோம்பேறித்தனம் இல்லை. வீட்டில் இருக்கிறவங்க இதைப் புரிஞ்சுக்கணும். பேச ஆள் வேணும்னா 104க்குப் போன் செய்யலாம்.

இப்போ வலி மாத்திரை. இதைச் சொல்லாமல் விட்டால் என் பேச்சே வீண். மெடிக்கல் கடையில் "முட்டி வலிக்கு ஒரு செட் கொடுப்பா" என்று வாங்குகிற பழக்கம் நம்மகிட்ட நிறைய. வலி மாத்திரை வலியைத்தான் குறைக்கும், நோயை நிறுத்தாது. மாசக் கணக்கில் சாப்பிட்டால் குடலில் புண் விழுந்து ரத்தம் கசியும். மலம் தார் மாதிரி கருப்பாகப் போகும். இரும்புச் சத்து மாத்திரையாலும் கருப்பாகப் போகும்தான். அது சாப்பிடாதவங்களுக்கு அப்படிப் போனாலோ, தார் மாதிரி பிசுபிசுப்பாக நாற்றத்தோடு போனாலோ ஓடணும். சிறுநீரகமும் கெடும். அந்தச் செட்டுக்குள் ஸ்டீராய்டு இருந்தால் இரண்டே நாளில் வலி பறந்துபோகும், முகம் உப்பும், "ஆகா என்ன கைராசி" என்போம். உள்ளே எலும்பும் சர்க்கரையும் எதிர்ப்பு சக்தியும் போய்க்கொண்டிருக்கும். சந்தையில் பேர் இல்லாமல் விற்கிற சில பொடிகளிலும் ஸ்டீராய்டு கலந்திருப்பது பரிசோதனைகளில் தெரிய வந்திருக்கிறது. ஆனால் ஒன்று கவனம். ரொம்ப நாளாக ஸ்டீராய்டு சாப்பிடுகிறவங்க என் பேச்சைக் கேட்டுட்டு இன்னிக்கே நிறுத்திடாதீங்க. திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. டாக்டர்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கணும்.

நோயையே அடக்குகிற மருந்துகள் வேறு இருக்கிறது. அதில் முக்கியமானது மெத்தோட்ரெக்சேட். இது வாரத்துக்கு ஒரே ஒரு நாள் சாப்பிடுகிற மருந்து. திரும்பவும் சொல்றேன், வாரத்துக்கு ஒரு நாள். தினமும் சாப்பிட்டால் ரத்த அணு குறைந்து உயிரே போயிடும். நாங்க வீட்டில் காலண்டரில் ஞாயிற்றுக்கிழமையை வட்டம் போட்டு வச்சிருக்கோம். படிக்கத் தெரியாத பெரியவங்க கையில் அந்த அட்டையைக் கொடுக்காதீங்க, வீட்டில் ஒருத்தர் பொறுப்பாக எடுத்துக் கொடுங்க. கூடவே ஃபோலிக் ஆசிட் மாத்திரை கொடுப்பாங்க, டாக்டர் சொன்ன நாளில் அதையும் சாப்பிடணும். ஈரலும் ரத்த அணுவும் எப்படி இருக்கிறது என்று குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு தடவை ரத்தம் பார்க்கணும். வாய்ப்புண், புதுசாக வரட்டு இருமல், காய்ச்சல் வந்தால் அடுத்த டோஸுக்கு முன்னால் டாக்டரைக் கேட்கணும். குழந்தை பெற நினைக்கிறவங்க சில மாசம் முன்னாலேயே சொல்லணும். வயிற்றுக் குழந்தைக்கு இந்த மருந்து ஆகாது. அதற்கு வேற மருந்து இருக்கிறது.

இந்த மருந்துக்குப் பயந்து நிறுத்துகிறவங்க நிறைய. அவங்களுக்கு ஒரு செய்தி. 2002ல் அமெரிக்காவில் 1,240 முடக்கு வாத நோயாளிகளைப் பல வருஷம் தொடர்ந்து பார்த்த ஒரு ஆய்வு வெளிவந்தது. மெத்தோட்ரெக்சேட் சாப்பிட்டவங்களிடம் இறப்பு அபாயம் சுமார் 60 சதவீதம் குறைவாக இருந்தது. குறைந்ததில் பெரும்பங்கு இதய நோயால் வருகிற சாவுதான். மூட்டுக்குக் கொடுத்த மருந்து இதயத்தைக் காப்பாற்றியிருக்கிறது பாருங்க. ஒரே நெருப்பு என்று டாக்டரம்மா சொன்னதற்கு இதுதான் அர்த்தம். நெருப்பை அணைத்தால் வீடு முழுக்கத் தப்பிக்கும். அதனால் வலி நின்ற உடனே "சரியாப் போச்சு" என்று மருந்தை நிறுத்தாதீங்க. வலி நிற்பது மருந்து வேலை செய்வதற்கு அடையாளம்.

அந்த பஸ் கேள்விக்கு இப்போ என்னிடம் பதில் இருக்கிறது. முடக்கு வாதம் வந்தால் சாவு என்று இல்லை. கவனிக்காத முடக்கு வாதம் ஆயுளைக் குறைக்கும். சீக்கிரம் கண்டுபிடித்து, சரியான மருந்து சாப்பிட்டு, இதயத்தையும் நுரையீரலையும் பார்த்துக்கொண்டால் பிள்ளைங்க கல்யாணம், பேரன் பேத்தி எல்லாம் பார்க்கலாம்.

கடைசியாக நம்ம குழுக்கள் என்ன செய்யலாம் என்று சிலது கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்று. மாதாந்திரக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் பேசி முடித்த பிறகு ஐந்து நிமிஷம் ஒதுக்கி, "காலையில் கை இறுகுகிறது, விரல் வீங்குகிறது என்று யாருக்காவது இருக்கா?" என்று கேட்கலாம். மூட்டு வீக்கம் தொடங்கின முதல் சில மாசத்திலேயே மருத்துவம் தொடங்கினால் பலன் அதிகம்.

இரண்டு. ஆஸ்பத்திரிக்குப் போக பஸ் செலவு, ஸ்கேன் செலவு என்று யாராவது உள்கடன் கேட்டால் அதை முதலில் எடுத்துக்கொள்ளலாம். ஆடு மாட்டுக்குக் கொடுக்கிறோம், ஆளுக்குக் கொடுக்கக் கூடாதா? முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இல்லாதவங்களுக்கு அதை எடுத்துத் தர ஊக்குநர்கள் உதவலாம்.

மூன்று. தனியாகப் போக முடியாதவங்களோடு குழுவில் ஒருத்தர் துணைக்குப் போகலாம். முறை வைத்துப் போனால் ஒருத்தருக்கு வருஷத்தில் ஒரு நாள்தான் வரும். போகிறவங்க ஒரு நோட்டு எடுத்துக்கிட்டுப் போங்க. சாப்பிடுகிற மருந்து, ரத்த அழுத்தம், சர்க்கரை, எடை, இருமல் மூச்சு வாங்கல் உண்டா, இந்த ஐந்தும் அதில் இருந்தால் டாக்டருக்கும் சுலபம்.

நான்கு. நோயால் கூட்டத்துக்கு வர முடியாத உறுப்பினருக்கு அபராதம் போடாதீங்க. கூட்டத்தை அவங்க வீட்டுத் திண்ணையில் ஒரு தடவை வையுங்க. நூறு நாள் வேலையில் மண்வெட்டி பிடிக்க முடியாதவங்களுக்குத் தண்ணீர் கொடுக்கிற வேலை, பிள்ளைங்களைப் பார்த்துக்கொள்கிற வேலை கேட்டு வாங்கிக் கொடுங்க.

ஐந்து. நடங்க. மூட்டு வீங்கிச் சூடாக இருக்கிற நாளில் ஓய்வு எடுங்க. மற்ற நாளில் மெதுவாகவாவது நடக்கணும். உப்பைக் குறைங்க. ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் தினமும் வேண்டாம். கீரை, பயறு, முட்டை சேருங்க. புளியை விட்டால் வாதம் போகும் என்று சொல்வாங்க. சாப்பாட்டை மட்டும் மாற்றி இந்த நோய் போகாது, மருந்தோடு சேர்ந்துதான் எதுவும்.

இங்கே வந்திருக்கிற ஐந்நூறு பேரில் மூன்று நான்கு பேருக்காவது இந்த நோய் இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவங்க விரலைப் பாருங்க. வீங்கியிருந்தால் என்ன ஏது என்று கேளுங்க. கேட்டுட்டு, "மூச்சு வாங்குதா? பிரஷர் பார்த்தியா?" என்று இன்னும் இரண்டு கேள்வி சேர்த்துக் கேளுங்க.